இரைச்சலுக்கு ஒரு வக்காலத்து: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "நாள் முழுக்க மண்டை காய்ந்து வீடு திரும்புகிறேன். என்ன பாட்டு கேட்கலாம்?" என்று கேட்டிருந்தார். "ஏசி/டிசி. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக" என்று அந்த ராக் குழுவின் பெயரைப் பதிலாக எழுதினேன். மெல்லிசையாக எதையாவது சொல்வேன் என்று நினைத்தவர்கள் கோபமாக எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் குதித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: பல வருடங்களாக வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் நல்ல ஞானஸ்தன். அவன் ஹெட்ஃபோனில் என்ன கேட்கிறான் என்று வாங்கிக் கேட்டேன். இரண்டு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்), ஒரே தாளம், கத்தல். இதில் மூளைக்கு என்ன வேலை இருக்கிறது? நீங்களும் இதைப் பரிந்துரைக்கிறீர்களே!
— ஓர் இசை ஆசிரியை

பதில்: மூளைக்கு வேலை குறைவுதான் அம்மா. இதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, பார்ட்டி ராக்கில், அதாவது குதித்துக் கொண்டாடவே வந்த இந்த ராக் இசையில், ஏதோ ஆழமான தத்துவம் ஒளிந்திருப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. யோசிக்கிறவர்கள் கொஞ்ச நேரம் யோசிக்காமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட இசை இது. உங்கள் மாணவன் நல்ல ஞானஸ்தன் என்றால் அவனுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படும்.

ஆனால் கேட்பவருக்கு வேலை இல்லை என்பதால் செய்பவருக்கும் வேலை இல்லை என்று ஆகிவிடாது. உங்களுக்குப் பழகிய கணக்கிலேயே சொல்கிறேன். ராக் கிட்டாரில் 'பவர் கார்டு' என்று ஒன்று உண்டு. அதில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான். காந்தாரம் கிடையாது. ஏன் என்றால், ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி ஒலியைக் கரகரக்க வைக்கும்போது, வாசிக்கிற சுரங்கள் தவிர அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் வருகிற புதிய ஒலிகளும் பிறக்கின்றன. காந்தாரத்தைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ஸ-ப மட்டும் என்றால் விகிதம் 2:3. கழித்தால் 1. அதாவது வாசிக்கிற ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸட்ஜம், யாரும் வாசிக்காமலே வந்து நிற்கிறது. அந்தப் பையன் காதில் கேட்டது அந்தப் பிரம்மாண்டத்தைத்தான். காந்தாரம் இல்லாததால் அது சந்தோஷமா சோகமா என்று எதுவும் சொல்லாது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும்.

அடுத்து தாளம். ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்தது. முதலில் ஹை-ஹாட் தட்டில் நாலு எண்ணிக்கை. உடனே கிட்டார் ஒரு அடி. பிறகு வெற்றிடம். இன்னொரு சுரத்தில் மூன்று அடி, மறுபடி வெற்றிடம், மீண்டும் மூன்று அடி. அந்த வெற்றிடங்களில் டிரம்ஸ் மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். கிட்டார்கள் கை கட்டி நிற்கும். நிரப்பிவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு நிற்கும் கைகள் அவை. அந்தக் குழுவின் ரிதம் கிட்டாரிஸ்டாக இருந்த, 2017இல் மறைந்த மால்கம் யங் மேடையில் பின்னால், ஆம்ப்களை ஒட்டியே நிற்பார். பாட வேண்டிய கோரஸுக்கு மட்டும் முன்னால் வந்து பாடிவிட்டுத் திரும்பவும் பின்னால் போய்விடுவார். பள்ளிச் சீருடையில் மேடை முழுக்கத் துள்ளுகிற தம்பி ஆங்கஸைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் மால்கமின் வலது கை ஒரு இம்மி தள்ளாடினால் தம்பியின் துள்ளலுக்கு நிற்கத் தரையே இருக்காது.

நான் பல வருடங்கள் கச்சேரிகளில் ஒலியைச் சரிசெய்கிற மிக்சிங் மேசைக்குப் பின்னால் நின்றவள். சிக்கலான இசை வாசிக்கிற குழுக்கள் பிசகினால் சமாளித்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. இந்த மூன்று கார்டு பாட்டில் பிசகினால் ஒளிய இடமே கிடையாது. புதிய குழுக்கள் எல்லாம் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கோரஸ் வந்ததும் வேகம் ஓடிவிடும். வெற்றிடம் வந்ததும் டிரம்மர் பயந்து எதையாவது அடித்து நிரப்பிவிடுவார். நிரப்பாமல் விடத் தெரிந்த டிரம்மர் வாசிக்கும்போது மேசையிலிருந்து பார்த்தால், அந்த வெற்றிடத்தில் முன்னால் நிற்கிற அத்தனை தோள்களும் ஒன்றாக மேலே ஏறும். அடுத்த அடி விழுந்ததும் ஒன்றாக இறங்கும். நூற்றுக்கணக்கான பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து ஒரே நேரத்தில் விடுகிறார்கள். இதை நீங்களும் உங்கள் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். வழி வேறு, அவ்வளவுதான்.

பையனிடம் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கி, வெற்றிடங்களுக்குக் கைத்தாளம் போட்டுப் பாருங்கள். அவனோடு பேச அதிலேயே நிறைய விஷயம் கிடைக்கும்.

கேள்வி: அக்கா, பாட்டு நல்ல பாட்டு என்றால் சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் நல்ல பாட்டாகத்தானே இருக்க வேண்டும்? அலறவிட்டால்தான் பிடிக்கும் என்றால் அது பாட்டின் குறைதானே?
— பொறியியல் மாணவர்

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் குறைத்து வைத்தால் அது அதே பாட்டாக இருக்காது தம்பி. நம் காது எல்லா ஒலியையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. சத்தம் குறையக் குறைய, கீழ் அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஒலிப் பொறியியலில் இன்றைக்கும் அதன் திருத்திய வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆக, நீங்கள் வால்யூமைக் குறைக்கும்போது பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் பாட்டிலிருந்து பாதி வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். மீதி இருப்பது கத்தல் மட்டும். அது பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. உட்காதில், உடம்பின் சமநிலையைக் கவனித்துக்கொள்ளும் பகுதியில் சாக்யூல் என்று ஒரு சிறு பை. ஊஞ்சல் ஆடும்போது வயிற்றைப் பிசைகிற அந்த சுகம் இருக்கிறதே, அதற்கும் இந்தச் சமநிலை உறுப்புகளுக்கும் தொடர்பு உண்டு. சுமார் 90 டெசிபலுக்கு மேல் போனால், தாழ்ந்த ஒலிகள் இந்தப் பையையும் தூண்டுகின்றன என்று மான்செஸ்டரில் நீல் டாட், ஃபிரெடரிக் கோடி என்ற இருவர் 2000இல் எழுதினார்கள். சத்தமான இசையை மக்கள் தேடிப் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது உட்கார்ந்த இடத்திலேயே ஊஞ்சல். 2022இல் கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு எலக்ட்ரானிக் இசைக் கச்சேரியில், காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்களை அவ்வப்போது போட்டு அணைத்துப் பார்த்தார்கள். போட்டிருந்த நேரங்களில் கூட்டம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாக ஆடியது. ஸ்பீக்கர் எப்போது ஓடியது என்று ஆடியவர்களுக்குத் தெரியவில்லை!

இந்த இசை காதுக்கு மட்டும் செய்ததில்லை. நெஞ்சுக்கூடும் உள்ளங்காலும் சேர்ந்துதான் இதைக் கேட்கின்றன. ஆனால் சத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

கேள்வி: பார்ட்டி ராக்கில் ஒரே ஒரு குழுவைச் சொல்லச் சொன்னால்?
— துண்டுச் சீட்டில் வந்த கேள்வி

பதில்: முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே. ஏசி/டிசிதான்.

கேள்வி: தாளம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிகள்? 'ஹே ஹோ' என்று கத்துவதெல்லாம் ஒரு பாடல் வரியா? கவிதை எழுதுகிற எனக்கு வேதனையாக இருக்கிறது.
— கவிதை எழுதும் வாசகர்

பதில்: கவிதைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன, அங்கே நானும் உங்களோடு வருகிறேன். இங்கே வார்த்தைக்கு வேறு வேலை. 1955இல் லிட்டில் ரிச்சர்ட் பாடிய முதல் பெரிய வெற்றிப் பாட்டு, எந்த அகராதியிலும் இல்லாத அசைகளில்தான் தொடங்கியது. டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்று நினைத்தாரோ அதையே வாயால் கொட்டிவிட்டார். ராக் இசையின் பிறப்பிலேயே அர்த்தமற்ற சொல்லுக்கு முதல் மரியாதை. நீங்கள் சொல்கிற 'ஹே ஹோ', ரமோன்ஸ் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில், முதல் பாட்டின் தொடக்கத்தில் வருவது. அந்த ஆல்பத்தில் 14 பாட்டு, எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. அந்த அசைகளைப் பாட ஆங்கிலம் தெரிய வேண்டாம், குரல் வேண்டாம், பாட்டை முன்பே கேட்டிருக்கவும் வேண்டாம். இரண்டாவது தடவை வரும்போது நீங்களும் கத்திக்கொண்டிருப்பீர்கள். யாரையும் வெளியே நிறுத்தாத வரி அது. ஒரு கவிஞராக அதன் அருமை உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

அர்த்தம் புரியாத பாட்டுக்கு அமெரிக்க அரசாங்கமே அர்த்தம் தேடிய கதை ஒன்று உண்டு. 1963இல் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு 'லூயி லூயி' என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தது. மைக் உயரத்தில் தொங்கியது, பாடகர் அண்ணாந்து கத்தினார், ஒரு வார்த்தையும் தெளிவாக விழவில்லை. விடலைகள் ஆட ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் அதில் ஆபாசம் இருப்பதாகப் புகார் அனுப்பினார்கள். எஃப்பிஐ விசாரணையில் இறங்கியது. ரெக்கார்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக இழுத்து, கடைசியில் 'எந்த வேகத்தில் போட்டாலும் வரிகள் புரியவில்லை' என்று கோப்பை மூடினார்கள். உண்மையில் அது, ஊரைவிட்டு வந்த கப்பல்காரன் ஒருவன் தன் காதலியை நினைத்து ஏங்குகிற பாட்டு. ஆடியவர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். 70களிலும் 80களிலும் வந்த பார்ட்டி ராக் வரிகளில் பெண்களைப் பொருளாகப் பார்க்கிறவை ஏராளம். 'சும்மா ஜாலிக்கு' என்று நான் அதைத் தள்ளிவிடுவதில்லை. சில பாட்டுகளை அந்தக் காரணத்துக்காகவே என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், கிட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும். அர்த்தமற்ற வரியை நான் கொண்டாடுவேன். கேவலமான வரி வேறு.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கதவைப் பூட்டிக்கொண்டு இந்த மாதிரி அலறல் பாட்டு கேட்கிறாள். கேட்டால் "கோபம் தணியுதும்மா" என்கிறாள். இது கோபத்தை வளர்க்காதா? கெட்ட பழக்கத்தில் கொண்டுபோய் விடாதா?
— கவலையுள்ள ஓர் அம்மா

பதில்: உங்கள் மகள் சொல்வதை நம்பலாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2015இல் இதையே சோதித்தார்கள். இத்தகைய கடும் இசையை வழக்கமாகக் கேட்கும் 39 இளைஞர்களிடம், தங்களைக் கோபப்படுத்திய சம்பவங்களைப் பேசச் சொல்லி, நன்றாகக் கோபம் ஏறியதும் ஒரு பாதிப் பேரைத் தங்கள் பாட்டைக் கேட்கவும் மறுபாதியை அமைதியாக உட்காரவும் விட்டார்கள். பாட்டு கேட்டவர்களின் எரிச்சலும் பகையுணர்வும் குறைந்தது, உட்கார்ந்திருந்தவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அதே அளவுக்கு. அதோடு பாட்டு கேட்டவர்கள் உற்சாகமாகவும் உணர்ந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஏற்கெனவே அந்த இசை பிடித்தவர்களிடம் நடந்ததுதான். உங்கள் மகளும் பிடித்துக் கேட்கிறவள்தானே.

பழக்கத்தைப் பற்றி: 1985இல் அமெரிக்க செனட் இதே கவலையோடு ஒரு விசாரணை நடத்தியது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடரைக் கூப்பிட்டார்கள். மேடையில் முகம் முழுக்கச் சாயம், அவிழ்ந்த தலைமுடி என்று நிற்கிற மனிதர். அதே தலைமுடியோடு, கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டையில் வந்து உட்கார்ந்தார். தனக்குக் கல்யாணமாகி மூன்று வயதில் பையன் இருக்கிறான், தான் கிறிஸ்தவனாக வளர்ந்தவன், புகை, குடி, போதைப்பொருள் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு, தன் பாட்டு வரிகளை அவர்கள் எப்படித் தவறாகப் படித்தார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று கவனிக்கும் பொறுப்பு பெற்றோராகிய தன்னுடையது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாள் கதவைத் தட்டி, "எனக்கும் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவளுக்குக் கோபம் எதனால் என்று தெரியவரும்.

கேள்வி: கூட்டமென்றாலே எனக்குக் கூச்சம். அறையில் தனியாக இந்தப் பாட்டுகளைப் போட்டுக் குதிக்கிறேன். ஆளில்லாத பார்ட்டி என்று தங்கை கேலி செய்கிறாள்.
— பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: ஆளில்லை என்று யார் சொன்னது? பதிவுக்குள்ளேயே ஆட்களை ஏற்றி அனுப்புவதுதான் இந்த இசையின் பெரிய சாமர்த்தியம். குவீன் குழுவின் 'வீ வில் ராக் யூ' பாட்டில் வரும் அந்தப் புகழ்பெற்ற இரண்டு மிதி, ஒரு கைதட்டல், பிறகு இடைவெளி! 1977இல் வந்தது. அதில் டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை. கிட்டார் வருவதே முடிகிற நேரத்தில். இங்கிலாந்தில் ஒரு கச்சேரி முடிந்ததும் கூட்டம் கலையாமல் தானாகப் பாடியதைக் கேட்டுவிட்டு, நெருக்கியடித்து நிற்கிற மக்களால் என்ன செய்ய முடியும் என்று குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே யோசித்தார். மிதிக்கலாம், தட்டலாம், பாடலாம். முன்பு தேவாலயக் கட்டிடமாக இருந்த ஸ்டூடியோவில் பழைய பலகைகள் மேல் சிலர் ஏறி மிதித்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகச் சேர்த்தார்கள். எதிரொலிபோல் ஆகிவிடாமல் தனித்தனி ஆட்கள்போலக் கேட்க, அந்தத் தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தாராம் மே. இயற்பியல் படித்தவர், பிற்பாடு வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். மூளைக்கு வேலை தராத பாட்டு என்று நினைத்துக் குதிக்கிறீர்களே, அதன் அடியில் பகா எண்கள் கிடக்கின்றன.

ஆண்ட்ரூ டபிள்யூ.கே. என்றொருவர் 2001இல் வந்த தன் முதல் முழு ஆல்பத்தில் கிட்டாருக்கு மேல் கிட்டார், கீபோர்டுக்கு மேல் கீபோர்டு என்று அடுக்கி, ஒற்றை ஆளின் கொண்டாட்டத்தைப் படைபோல ஒலிக்க வைத்தார். சின்ன வயதிலிருந்தே பியானோ படித்தவர். அந்த ஆல்பத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. தனியாக இருப்பவர்களுக்கு நான் முதலில் தருவது அதைத்தான். நீங்கள் குதியுங்கள். தங்கைக்கும் இடம் விடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோகப் பாட்டு எதையும் கேட்க முடியவில்லை. அவன் விரும்பிக் கேட்ட இந்தச் சத்தமான பாட்டுகளைத்தான் போட்டுக்கொண்டு ஆடுகிறேன். "உனக்கு வருத்தமே இல்லையா?" என்று உறவினர் கேட்கிறார்கள். நான் செய்வது தப்பா?
— ஒரு தம்பி

பதில்: தப்பில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மேலே இசை ஆசிரியைக்குச் சொன்னேனே, 'பேக் இன் பிளாக்', அது எப்படி வந்தது தெரியுமா? ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்துபோனார். வயது 33. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யங் சகோதரர்கள் யோசித்தார்கள். நிறுத்த வேண்டாம் என்று ஸ்காட்டின் பெற்றோர்தான் தைரியம் சொன்னார்கள். பிரையன் ஜான்சன் புதிதாகப் பாட வந்தார். அதே ஜூலையில் ஆல்பம் வெளியானது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு ஒரு பெரிய மணியின் ஓசையில் தொடங்கும், மெதுவாக, ஒவ்வொரு அடியாக. அதற்குப் பிறகு ஆல்பம் முழுக்க ஆட்டம்தான். இறந்த நண்பனுக்கு எழுதிய தலைப்புப் பாட்டிலேயே அழுகை கிடையாது. மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன் என்கிறது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று. வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஓர் இரங்கல் என்று தோன்றியிருக்காது. செய்தவர்களுக்குத் தெரியும்.

துக்கம் உடம்பில் இருக்கிறது. சோகப் பாட்டு அதற்கு வார்த்தை தருகிறது, சிலருக்கு அதுவே போதும். உங்களுக்கு வார்த்தை வேண்டாம் போலிருக்கிறது. உடம்பு அசைய வேண்டும். அண்ணன் கேட்ட அதே இடத்தில், அதே கிட்டார் அடியில், அவர் தலை ஆட்டியதுபோல உங்கள் தலையும் ஆடுகிறது. அந்த நிமிடத்தில் அவரோடு இருக்கிறீர்கள். உறவினருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முடிந்தால், அண்ணனைத் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒருநாள் சேர்ந்து கேளுங்கள். ஒரே தாளத்துக்குச் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடுகிறது, ஒருவர்மேல் ஒருவருக்கு ஒட்டுதலும் கூடுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் சோதித்துச் சொன்னார்கள். தனியாக ஆடுகிற நாட்களில் தூக்கமும் பசியும் போய்விட்டதாகத் தெரிந்தால் மட்டும் தயங்காமல் யாரிடமாவது பேசுங்கள். மருத்துவரிடம், அல்லது எனக்கே எழுதுங்கள்.

கேள்வி: முதன்முறையாக ஒரு ராக் கச்சேரிக்குப் போகிறேன். முன்வரிசையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால்தான் முழு அனுபவம் என்கிறார்கள் நண்பர்கள். காது போய்விடுமா?
— கல்லூரி மாணவி

பதில்: போகலாம். போனால் திரும்பாது. உட்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பணியிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். உரத்த கச்சேரி அதற்கு மேலேயும் போகும். ஏசி/டிசியின் பிரையன் ஜான்சனையே, தொடர்ந்தால் கேட்கும் திறன் முற்றிலும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்து, 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவில் நிறுத்த வைத்தார்கள். அதிக சத்தத்துக்கு உலக சாதனை என்று பதிவதை கின்னஸ் புத்தகமும் விட்டுவிட்டது, யாரும் போட்டிக்குக் காதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று.

இசைக்காகவே செய்த காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வைக்காதீர்கள். பஞ்சு மேல் ஒலிகளைத்தான் கொஞ்சம் மழுங்கடிக்கும், காதைக் காப்பாற்றாது. நல்ல காதடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பேஸ் நெஞ்சில் அடிப்பது அப்படியே இருக்கும். இடையில் பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். அங்கே ஒரு பக்கத்து ஒலிதான் மொத்தமாக விழும், பாட்டே சரியாகக் கேட்காது. கூட்டத்துக்கு நடுவில் மிக்சிங் மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் முன்னால் நில்லுங்கள். மேசையில் நிற்பவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் அரங்கு முழுவதுக்கும் ஒலியைச் சரிசெய்கிறார். மறுநாள் காலையும் காதில் 'ஙொய்' என்று இரைந்தால் அன்றைக்கு ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள். இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எந்தக் குழுவின் கச்சேரி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. போய்வந்து எழுதுங்கள், முதல் பாட்டு என்ன போட்டார்கள் என்பதையும் சேர்த்து.